குனிந்து எடுத்த பிறகு

பஸ் நிலையத்தில் ஒரு 500 ரூபாய் நோட்டு கிடக்கிறது. கண்ணில் பட்டதும் யாரும் சட்டென்று குனிவதில்லை. செருப்புக் காலை அதன் மேல் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்கிறோம். பிறகு செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் மெல்லக் குனிகிறோம். அந்தச் சுற்றுமுற்றும் பார்க்கிற பார்வையில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. யார் தவறவிட்டது என்பது ஒன்று. யாராவது பார்த்துவிட்டார்களா என்பது மற்றொன்று. இந்தக் கட்டுரை முதல் கேள்வியைப் பற்றியது. இரண்டாவதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கீழே கிடக்கும் பணம் யாருக்குச் சொந்தம் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் பெரும்பாலும் "போலீஸுக்கு" என்பார்கள். பெரியவர்களைக் கேட்டால், கொஞ்சம் சிரித்துக்கொண்டு, "எடுத்தவனுக்கு" என்பார்கள். இரண்டுமே தவறு. அது தவறவிட்டவருக்குத்தான் சொந்தம். சட்டைப் பையிலிருந்து நோட்டு நழுவியதே தெரியாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு.

பழைய நாற்காலி ஒன்றைக் குப்பைத் தொட்டி அருகே வைத்துவிட்டுப் போகிறவர் அதை வேண்டாமென்று கைவிட்டுவிட்டார். நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். பர்ஸைக் கடைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, காய்கறிப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர் மறந்துவிட்டார். நினைவு வந்ததும் அதே கடைக்குத் திரும்பி வருவார். பஸ்ஸில் பணம் விழுந்தவருக்கோ எங்கே விழுந்தது என்றே தெரியாது. கைவிட்டது, மறந்தது, தொலைத்தது என்ற இந்த மூன்றில் முதலாவது மட்டுமே எடுத்தவருக்குப் போகும். ரூபாய் நோட்டை வேண்டாமென்று வீதியில் போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆகவே "யாரோ வேண்டாமென்று போட்டது" என்கிற சமாதானம் நாற்காலிக்குப் பொருந்தும், பணத்துக்குப் பொருந்தாது.

அப்படியானால் கண்டெடுத்தவருக்கு உரிமையே கிடையாதா? உண்டு, ஆனால் அது ஒரு வேடிக்கையான உரிமை. 1722-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சட்ட மாணவர்களுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீடுகளில் புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவனுக்குக் கல் பதித்த நகை ஒன்று கிடைத்தது. என்ன விலை பெறும் என்று தெரிந்துகொள்ள ஒரு பொற்கொல்லர் கடைக்கு எடுத்துப் போனான். கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த ஆள், எடை பார்ப்பதாகச் சொல்லி வாங்கி, கற்களைக் கழற்றிவிட்டான். ஒன்றரைப் பென்னி தருகிறோம் என்றார்கள். "காசு வேண்டாம், என் பொருளைக் கொடுங்கள்" என்றான் சிறுவன். கல் இல்லாத வெறும் கூடு திரும்பி வந்தது. அவன் வழக்குப் போட்டு வென்றான். உண்மையான உரிமையாளர் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும்விடக் கண்டெடுத்தவனுக்கே உரிமை அதிகம் என்பது தீர்ப்பு. அந்தக் கல்லைக் கொண்டுவந்து காட்டாவிட்டால், அந்தக் கூட்டில் பொருந்தக்கூடிய மிக உயர்ந்த கல்லின் விலையைப் போட்டு இழப்பீட்டைக் கணக்கிடுங்கள் என்று நீதிபதி ஜூரிகளிடம் சொன்னார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

இந்தத் தீர்ப்பைச் சொல்கிறவர்கள் பலர் "எல்லோரையும்விட எனக்கு உரிமை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். "உரிமையாளர் ஒருவரைத் தவிர" என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71-ஆவது பிரிவில், இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்கிறவருக்கு, பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை வைத்திருப்பவருக்குள்ள அதே பொறுப்பு உண்டு. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்து உங்கள் வண்டியை வாங்கி நிறுத்துகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி அவருடையது அல்ல. ஆனால் நீங்கள் திரும்பி வரும்வரை, தன் வண்டியைப் பார்த்துக்கொள்கிற அளவு கவனத்தோடு அவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்டெடுத்தவரும் அப்படித்தான். டோக்கன் மட்டும் இல்லை.

பலரும் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. நோட்டைப் பார்த்தும் பாராததுபோல் நடந்து போகிறவருக்குச் சட்டத்தில் ஒரு பொறுப்பும் கிடையாது. யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. குனிந்து எடுக்கிறீர்களே, அந்த நொடியில்தான் நீங்கள் காவலாளி ஆகிறீர்கள். எடுத்த பிறகு மனம் மாறி, "நமக்கேன் வம்பு" என்று பக்கத்து டீக்கடை பெஞ்சில் போட்டுவிட்டுப் போவதும் ஒழுங்கான காவல் ஆகாது.

இது உரிமைக் கணக்கு. குற்றக் கணக்கு வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவு, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைப் பற்றியது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆவது பிரிவாக இருந்தது. பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. சட்டப் புத்தகம் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள்கூட இந்தப் பிரிவின் உதாரணங்களைப் படிக்கலாம். குட்டிக் கதைகள் போல இருக்கும்.

சாலையில் ஒருவன் ஒரு ரூபாயைக் கண்டெடுக்கிறான். யாருடையது என்று தெரியாது. இது குற்றமில்லை. இன்னொருவன் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறான். உள்ளே வங்கி நோட்டு. கடிதத்தில் உள்ள முகவரியிலிருந்து அது யாருடையது என்று தெரிகிறது. வைத்துக்கொண்டால் குற்றம். ஒருவர் பர்ஸைக் கீழே போடுவதைப் பார்த்தவன், திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் எடுக்கிறான். பிறகு மனம் மாறுகிறது. குற்றம். விலையுயர்ந்த மோதிரம் கிடைக்கிறது. உரிமையாளரைத் தேடவே முயலாமல் உடனே விற்றுவிடுகிறான். அதுவும் குற்றம்.

அந்த ஒரு ரூபாய் உதாரணத்தைப் படித்துவிட்டு, சின்னத் தொகை என்பதால் விட்டுவிட்டார்கள் போலும் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. இந்த உதாரணங்கள் 1860-இல் எழுதப்பட்டவை. அன்றைய ரூபாய் வெள்ளி நாணயம். இன்றைய ஒரு ரூபாய்ச் சில்லறை அல்ல. சட்டம் தொகையை அளக்கவில்லை, தடயத்தை அளக்கிறது. வெறும் நாணயம் யாரையும் காட்டிக்கொடுக்காது. கடிதம் காட்டிக்கொடுக்கும். உரிமையாளரைக் கண்டுபிடிக்க நியாயமான வழி இருந்ததா, அந்த வழியில் முயன்றீர்களா, அவர் வந்து கேட்பதற்கு நியாயமான காலம் காத்திருந்தீர்களா என்பதுதான் கேள்வி. எத்தனை நாள், எவ்வளவு தேடல் என்றெல்லாம் சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. அந்தந்தச் சூழ்நிலையைப் பொறுத்தது என்று விட்டுவிட்டது.

தடயம் என்றால் ஆதார் அட்டைதான் என்று நினைத்துவிட வேண்டாம். சில வருடங்களுக்கு முன் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கைக்கும் தகரச் சுவருக்கும் இடையில், எனக்கு ஒரு சுருக்குப் பை கிடைத்தது. வயதான பெண்கள் இடுப்பில் செருகிக்கொள்வார்களே, அது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி, கயிறு மட்டும் புதிது. பிரித்துப் பார்த்தேன். எட்டாக மடித்த நோட்டுகள், சில்லறையோடு சேர்த்து 1,340 ரூபாய். கொட்டைப்பாக்கு இரண்டு. மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய் நாணயம். ஏதோ கோயில் வேண்டுதல். ஒரு மருந்துச் சீட்டு. பெயர் எழுதவேண்டிய இடத்தில் மருத்துவரின் கோடு ஒன்றுதான் இருந்தது. ஆனால் சீட்டின் பின்புறம், வேறு யாரோ பால்பாயிண்ட் பேனாவால், ஒரு கைபேசி எண்ணை எழுதியிருந்தார்கள், பெரிய பெரிய எழுத்தாக. கண் சரியாகத் தெரியாத ஒருவருக்காக எழுதிக்கொடுத்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

கண்டக்டரிடம் காட்டினேன். "பணிமனையில் ஒப்படைத்துவிடலாம் சார், ஆனால் அந்த அம்மாவுக்குப் பணிமனை எங்கே இருக்கிறது என்று தெரியவா போகிறது? நம்பரைப் போட்டுப் பாருங்கள்" என்றார். அழைத்தேன். பேரன் எடுத்தான். "ஆச்சி, உன் பை கிடைத்துவிட்டதாம்" என்று அவன் கத்தியதும், பின்னால் ஒரு குரல், நன்றி சொல்வதற்கு முன்பாக, "அந்த மஞ்சள் முடிப்பு இருக்கிறதா, கேள்" என்றது. 1,340 ரூபாயைப் பற்றி அந்த அம்மா கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியே போதுமான அடையாளம் என்று கண்டக்டர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கூட்டத்தில் நின்று "500 ரூபாய் கிடந்ததே, யாருடையது?" என்று கேட்டால் நான்கு கைகள் நீளும். "ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது, யாராவது எதையாவது தொலைத்தீர்களா?" என்று கேளுங்கள். என்ன, எவ்வளவு, எப்படி மடித்திருந்தது, உடன் என்ன இருந்தது என்பதை வருகிறவர் சொல்லட்டும். பர்ஸில் ஏடிஎம் அட்டை இருந்தால், அட்டையின் பின்னால் உள்ள எண்ணில் வங்கியை அழைத்து, உங்கள் எண்ணை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். அவருடைய எண்ணை வங்கி உங்களுக்குத் தராது, தரவும் கூடாது. உதவுகிற ஆர்வத்தில் ஆதார் அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். பர்ஸைத் தொலைத்தவர் ஆதார் எண்ணையும் சேர்த்து ஊருக்கே கொடுத்துவிட்டதாகிவிடும். ரயிலில் கிடைத்தால் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் கொடுக்கலாம், அல்லது 139-ஐ அழைக்கலாம். தொகை பெரிது, தடயம் எதுவும் இல்லை என்றால் காவல் நிலையம்தான். ஒப்படைக்கும்போது நோட்டுகளை அவர்கள் எதிரிலேயே எண்ணி, எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது இவற்றில் எதுவுமில்லை. "நமக்கு ஒட்டாத காசு" என்று கோயில் உண்டியலில் போட்டுவிடுகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் ஊரான் வீட்டு நெய்யில் நாம் விளக்கேற்றுகிற கதை அது. அதோடு, உண்டியலில் விழுந்தது எளிதில் வெளியே வராது. பழனி கோயில் உண்டியலில் கேரளப் பக்தை ஒருவரின் தங்கச் சங்கிலி தவறி விழுந்த செய்தி 2023-இல் வந்தது. உண்டியல் குறித்த 1975-ஆம் ஆண்டு விதிகளின்படி திருப்பித் தர வழியில்லை என்பதால், அறங்காவலர் குழுத் தலைவர் தன் சொந்தச் செலவில் அவருக்குப் புதுச் சங்கிலி வாங்கிக் கொடுத்தார். தன் கையாலேயே தவறவிட்டவருக்கே அந்த நிலை. நீங்கள் கண்டெடுத்து உள்ளே போட்ட நோட்டைத் தேடி யார் போய், என்ன சொல்லிக் கேட்பது? எல்லா வழியிலும் தேடிப் பார்த்துவிட்டு, இனி ஆள் கிடைக்கமாட்டார் என்று ஆனபின் போடுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை.

இன்றைக்குப் பணம் பஸ் நிலையத்தில் விழுவதைவிட வங்கிக் கணக்கில் வந்து விழுவது சுலபமாகிவிட்டது. ஓர் இலக்கம் மாறினால் போதும். ஒப்பந்தச் சட்டத்தில் கண்டெடுத்தவரைப் பற்றிய 71-க்கு அடுத்த வீட்டிலேயே இதற்கும் ஒரு பிரிவு, 72, இருக்கிறது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும். 2021-இல் பீகாரின் ககரியா மாவட்டத்தில் ஒருவர் கணக்கில் வங்கியின் தவறால் ஐந்தரை லட்சம் ரூபாய் வந்துசேர்ந்தது. பிரதமர் தருவதாகச் சொன்ன 15 லட்சத்தில் முதல் தவணை என்று நினைத்துச் செலவழித்துவிட்டேன் என்றார் அவர். வங்கி புகார் கொடுத்தது, கைதுதான் மிச்சம். திருப்பூரில் 2012-இல் கணக்கில் தவறி வந்த 40 லட்சம் ரூபாயை எடுத்துச் செலவழித்தவருக்கு, 2019-இல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. வங்கிப் பணத்தில் "யாருடையது என்று தெரியாது" என்று சொல்ல இடமே இல்லை. ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது என்று எழுதிவைத்துவிட்டுத்தான் வருகிறது. ஏடிஎம் வாயில் முன்னவர் விட்டுப்போன நோட்டுகளும் அப்படித்தான். எந்த அட்டைக்கு எத்தனை மணிக்கு அந்தப் பணம் வந்தது என்பது இயந்திரத்தின் பதிவில் இருக்கும். அந்த வங்கிக் கிளையில் கொடுத்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அண்ணா, தவறுதலாக உங்கள் எண்ணுக்கு 5,000 அனுப்பிவிட்டேன், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே திருப்பி அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால், குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பல நேரங்களில் பணமே வந்திருக்காது. செய்தி மட்டும் போலியாக வந்திருக்கும். பணம் உண்மையாகவே வந்திருந்தாலும் அழைத்தவர் சொல்கிற எண்ணுக்கு அனுப்பாதீர்கள். அது வேறு எவரிடமோ ஏமாற்றிய பணமாக இருக்கலாம். உங்கள் கணக்கு வழியாக அதைக் கடத்தியபின், முடக்கப்படுவது உங்கள் கணக்கு. உங்கள் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, வந்த வழியே திருப்பச் சொல்லுங்கள். உண்மையிலேயே தவறுதலாக அனுப்பியவர் இதற்குச் சம்மதிப்பார். மற்றவர் கோபப்படுவார்.

வீதியிலும் இதன் பழைய வடிவம் ஒன்று உண்டு. வங்கியிலிருந்து பணத்தோடு வருகிறவர் வண்டி அருகே பத்து ரூபாய் நோட்டுகளைச் சிதறவிட்டு, "சார், உங்கள் பணம் விழுந்துவிட்டது" என்பார்கள். அவர் பொறுக்கி எடுப்பதற்குள் வண்டியிலிருந்த பை போய்விடும். உங்களுடையதல்லாத பத்து ரூபாய்க்குக் குனியும் முன், உங்களுடைய பை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

சரி, மனிதர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? 2019-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 40 நாடுகளில் 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸுகளை, "வெளியே கிடந்தது" என்று சொல்லி வங்கி, தபால் நிலையம், விடுதி, திரையரங்கு போன்ற இடங்களின் வரவேற்பு மேசைகளில் கொடுத்துவிட்டு வந்தார்கள். உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி போன்ற பர்ஸ். ஒரு சாவி, மளிகைப் பட்டியல், உரிமையாளரின் முகவரி அட்டை. சிலவற்றில் பணம் இல்லை, சிலவற்றில் ஏறத்தாழ 13 டாலருக்குச் சமமான உள்ளூர்ப் பணம். பணம் இருந்தால் திரும்பி வருவது கூடும் என்று பொதுமக்களும் கணிக்கவில்லை, பொருளாதார நிபுணர்களும் கணிக்கவில்லை. நடந்தது வேறு. பணமில்லாத பர்ஸுகளில் 40 சதவீதத்துக்கு மட்டுமே உரிமையாளருக்குத் தகவல் போனது. பணமிருந்தவற்றில் 51 சதவீதத்துக்குப் போனது. மூன்று நாடுகளில் தொகையை 94 டாலராக உயர்த்திப் பார்த்தார்கள். அங்கே 72 சதவீதம். பணம் கூடக்கூட, வைத்துக்கொண்டால் தன்னைத் தானே திருடன் என்று நினைக்க வேண்டிவருமே என்கிற கூச்சமும் கூடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வெறும் சாவியை மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடலாம். பணத்தை அப்படி மறக்க முடிவதில்லை.

இதனால்தான் "வறுமையிலும் நேர்மை" என்ற தலைப்புச் செய்திகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆட்டோ ஓட்டுநர் நகைப் பையைத் திருப்பிக் கொடுத்தார், தூய்மைப் பணியாளர் குப்பையில் கிடைத்த வைர நெக்லஸை ஒப்படைத்தார் என்று தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் செய்தி வருகிறது. கொடுத்தவரைப் பாராட்டட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த "வறுமையிலும்" என்பதில் ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கிறது. கார் வைத்திருப்பவர் கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுத்தால் "வசதியிலும் நேர்மை" என்று யாராவது எழுதுவார்களா? ஈரோடு அருகே ஓர் அரசுப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு மாணவன் 2018-இல் வழியில் கிடந்த 50,000 ரூபாயை எடுத்துவந்து ஆசிரியரிடம் கொடுத்தான். அந்தச் செய்தி பிறகு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே இடம்பெற்றது. இந்தக் கட்டுரையில் சொன்ன பிரிவு எண்களில் ஒன்றும் அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது.

கடைசியாக, பலரும் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி. திருப்பிக் கொடுத்தால் ஏதாவது கிடைக்குமா? ஜப்பானில் கண்டெடுத்தவருக்கு 5 முதல் 20 சதவீதம் வரை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி இல்லை. உரிமையாளர் முன்கூட்டியே இவ்வளவு வெகுமதி என்று அறிவித்திருந்தால், அதைக் கேட்டு வழக்குப் போடலாம். தரும்வரை பொருளைப் பிடித்தும் வைத்துக்கொள்ளலாம். அறிவிக்காவிட்டால், தேடி அலைந்த சிரமத்துக்காக வழக்குப் போட முடியாது. நீங்களாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை அது. ஆனாலும் அந்தச் செலவைத் தரும்வரை பொருளைக் கையில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. 1,340 ரூபாய்ச் சுருக்குப் பைக்கு அப்படிச் செய்ய யாருக்கு மனம் வரும் என்பது வேறு விஷயம்.

அறிவித்திருந்தாலும், அறிவித்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கான்பூரில் ஒரு வீட்டுப் பையன் காணாமல் போனான். தேடி வர அங்கே வேலை பார்த்த குமாஸ்தாவை ஹரித்வாருக்கு அனுப்பினார்கள். அவர் கிளம்பிப் போனபின், கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். அவர் ரிஷிகேஷில் பையனைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். பிரசுரத்தைப் பற்றி அப்போது அவருக்குத் தெரியாது. பிறகு தெரிந்து வழக்குப் போட்டபோது, 1913-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவருக்கு அந்தப் பணம் சேராது என்று சொல்லிவிட்டது. ஆகவே யாருடைய பர்ஸையாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், போகிற வழியில் மின்கம்பங்களில் ஒட்டியிருப்பதையும் கொஞ்சம் படித்துக்கொண்டே போங்கள்.